நான்தான் அந்த ஓசி வக்கீல்

வக்கீல் தொழிலில் இரண்டு வகை உண்டு: கட்சிக்காரர்கள் தேடி வருகிற வக்கீல், கட்சிக்காரர்கள் தப்பித்து ஓடப் பார்க்கிற வக்கீல். நான் இரண்டாவது வகை.

கையில் வசதி இல்லாதவர் மேல் கேஸ் வந்தால் அரசாங்கமே ஒரு வக்கீலைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முன்பெல்லாம் அதற்கு ஒரு பட்டியல் மட்டும்தான் இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்கிற வக்கீல்கள் அதில் பெயர் கொடுத்திருப்பார்கள். கோர்ட் கூப்பிடுகிற நாளில் வந்து நிற்பார்கள். இப்போது சில வருஷமாகப் பட்டியலோடு கூடவே அதற்கென்று தனி ஆபீஸ், சம்பளத்துக்கு முழுநேர வக்கீல்கள், வெளிக் கேஸ் எதையும் தொடக் கூடாது என்ற கண்டிப்பு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிற அந்த முழுநேர வக்கீல்களில் நான் ஒருத்தி. நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம், விவசாயம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கோர்ட்டில் இங்கிலீஷ். மூன்றிலும் எனக்கு வாய் நீளம் என்று பெயர்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கோர்ட் வராந்தாவில் நின்று, ‘அடுத்த மாசம் வா’ என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

யார் பக்கம்?

கன்னியம்மாவுக்கு சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமம். புருஷனை மோட்டார் திருட்டு என்று பிடித்துப் போய்விட்டார்கள். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய், உங்கள் வீட்டுக்காரருக்கு நான்தான் வக்கீல், நீங்கள் எதுவும் தர வேண்டாம் என்றேன். அவள் மடியில் இருந்த பையை எடுத்து எனக்கு எட்டாத பக்கமாக வைத்துக்கொண்டாள்.

என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் அரசாங்க முத்திரை இருந்தது. சந்தேகம் இரண்டு மடங்கானது. அந்தப் பக்கமாகப் போன ஒரு பிரைவேட் வக்கீலின் குமாஸ்தாவை நிறுத்தி, இந்தப் பொம்பளை நெஜமாலுமே வக்கீல்தானா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, வக்கீல்தான், ஆனா ஓசி என்று சொல்லிவிட்டுப் போனார். பெயில் மனு ஏற்கெனவே போட்டாயிற்று, இரண்டு நாளில் வரும் என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். சொன்னபடியே வந்தது. ஆனால் அந்த அரைமணி நேரத்தின் முடிவில் அவள் கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இதற்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு வா என்பேன்.

“சர்க்காரே வந்து புடிச்சிக்கினு போச்சு. சர்க்காரே கேஸு நடத்துது. இப்ப வக்கீலும் சர்க்காரே குடுக்குதுன்ற. நீ யாரு பக்கம்மா?”

நான் செய்த குற்றம்

கன்னியம்மாவின் சந்தேகம் நியாயமானது என்பதற்கு நானே சாட்சி. பழைய பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஒருநாள் காலை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, இந்தக் கேஸை நீங்கள் பாருங்கள் என்று மேஜிஸ்ட்ரேட் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். ஓட்டலில் மாவு அரைக்கிற வேலு என்பவர் மேல் அடிதடி வழக்கு. சாட்சி கூண்டில் ஏறிவிட்டார். நான் கட்டைப் பிரிக்கவே இல்லை. பக்கத்துக் கோர்ட்டில் என் சொந்தக் கேஸ் ஒன்று கூப்பிடுகிற நேரம். எழுந்து, குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த தேதிக்கும் அப்படித்தான். வேலுவை ஒரு தடவைகூட நான் நேரில் பார்த்துப் பேசவில்லை. அப்படிப் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் தண்டனை. போலீஸ்காரர் வேலுவை வெளியே கூட்டி வரும்போது, அப்பீல் போடலாம் என்று சொல்லப் போனேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் அதற்குள் அவர் அதில் பெரும்பகுதியை அனுபவித்து முடித்துவிட்டார். முழுநேர ஆபீஸ் வருகிறது, சொந்தப் பிராக்டீஸை விட்டுவிட்டு வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். எங்கள் நைனா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் விண்ணப்பம் போட்டேன். வேலு அன்றைக்குச் சொன்னது காதிலேயே இருந்தது.

“நீங்கதான் என் வக்கீலுன்னு தீர்ப்பு சொன்னப்பதாம்மா தெரிஞ்சிது.”

பத்து நிமிஷம்

கைது செய்த ஆளை மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி, ஜெயிலுக்கு அனுப்ப உத்தரவு வாங்குவதற்குப் பெயர் ரிமாண்ட். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம். பெயரைக் கேட்பார்கள், அடித்தார்களா என்று கேட்பார்கள், போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது அடித்தார்கள் என்று யார் சொல்வார்கள், கையெழுத்து. புது ஆபீஸில் சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். என் ஆளோடு, போலீஸ் காதுக்கு எட்டாத தூரத்தில், பத்து நிமிஷம் பேசாமல் ரிமாண்டுக்கு நிற்க மாட்டேன். சட்டத்தில் இருக்கிறது. இருப்பதை நடைமுறைப்படுத்தச் சொன்னால்தான் எல்லாருக்கும் எரிச்சல் வருகிறது.

எல்லைப் பக்கத்துக் கோர்ட் ஒன்றில் எனக்கு டியூட்டி. ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற மூன்று பேரைக் கூட்டி வந்தார்கள். தடாவில் ஒரே ரூமில் தங்கியிருக்கிறவர்கள். காப்பர் ஒயர் திருடினார்கள் என்று கேஸ். நான் பத்து நிமிஷம் கேட்டேன். மேஜிஸ்ட்ரேட் கடிகாரத்தைப் பார்த்தார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். கடைசியில் கிடைத்தது. ஏழாவது நிமிஷத்தில் மூன்றாவது ஆள், நான் அன்னிக்கு ஷிப்ட்ல இருந்தேன் மேடம், கேட்டுல விரல் வெச்சா மெசேஜ் வரும் என்றார். மெசேஜ் இருந்த போனோ கான்ஸ்டபிள் கையில் இருந்த கவருக்குள். அதைப் பிரிக்கச் சொல்லி நான் மனு எழுதினேன்; கையால், நின்றபடியே.

மேஜிஸ்ட்ரேட் கவரைப் பிரிக்கச் சொல்லி, மெசேஜைத் தானே வாங்கிப் படித்தார். திருட்டு நடந்ததாக எழுதியிருந்த நேரத்தில் அந்த ஆள் கம்பெனிக்குள் இருந்திருக்கிறார். அவரை மட்டும் அங்கேயே பெயிலில் விட்டார். மற்ற இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். கான்ஸ்டபிள் நல்ல மனுஷர், வயதானவர், எங்கள் பக்கத்துத் தமிழ்தான். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, ஏதோ நான் அவருக்குக் கடன் பட்டவள் மாதிரி கேட்டார்.

“மூணு பேர கூட்டிக்கினு வந்தேன், ரெண்டு பேரோட போறேன். ஸ்டேஷன்ல நான் இன்னான்னு சொல்றது மேடம்?”

ஒரு துண்டுச் சீட்டு

வாரம் ஒருநாள் ஜெயிலுக்குப் போவோம். உள்ளே இருப்பவர்களில் பலருக்குக் கேஸ் நம்பர் தெரியாது, அடுத்த தேதி தெரியாது, வக்கீல் பெயர் தெரியாது. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரைத்தாள் சீட்டு ஒன்று அடித்தேன். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். உன் மேல் என்ன புகார், எந்தக் கோர்ட், எந்தத் தேதி, யார் வக்கீல், ஆபீஸ் போன் நம்பர். அவ்வளவுதான். ஜெயில் அதிகாரி ஒருவர், இதைக் கொடுக்கச் சொல்லி சர்க்குலர் எங்கே என்றார். கொடுக்கக் கூடாது என்று சொல்கிற சர்க்குலரைக் காட்டுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றேன். தேடுவதாகச் சொன்னார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். சீட்டு போய்க்கொண்டிருக்கிறது.

அப்படித்தான் ஏழுமலையைச் சந்தித்தேன். போளூர் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்கி, பெட்ஷீட் மாற்றுகிற வேலை. கோயிலுக்கு வந்து தங்கிய ஒரு குடும்பத்தின் செல்போனும் வெள்ளிக் கொலுசும் காணாமல் போயின. இவர்தான் எடுத்தார், எடுத்ததை ஒப்புக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தானே எடுத்துக் கொடுத்தார் என்று போலீஸ் காகிதம் சொன்னது. காகிதம் முழுக்கத் தெலுங்கு. கீழே தமிழில் ஏழுமலையின் கையெழுத்து.

சீட்டைக் கொடுத்தேன். தமிழ்ப் பக்கத்தைத் திருப்பி, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி இரண்டு தடவை படித்தார். எடுக்கவில்லை என்றோ, எடுத்தேன் என்றோ சொல்லவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மூணு மாசமா உள்ள கீறேம்மா. எதுக்குன்னு இன்னிக்குத்தான் படிச்சேன்.”

பெயில் கிடைத்த கதை

ஏழுமலைக்கு அடுத்த வாரமே பெயில் வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உத்தரவின் கடைசி வரி: உள்ளூர் ஜாமீன்தாரர்கள் இரண்டு பேர், வீட்டுவரி ரசீதோடு. போளூரிலிருந்து பெட்ஷீட் மாற்ற வந்தவருக்கு இந்த ஊரில் வீட்டுவரி கட்டுகிற யாரைத் தெரியும்? அவருடைய மனைவி செல்வி, தன் அண்ணனோடும் ரேஷன் கார்டோடும் இரண்டு பஸ் மாறி வந்தாள். தமிழ்நாட்டுக் கார்டு செல்லாது, சரிபார்க்க நாளாகும் என்றார்கள். கோர்ட் வாசலில் ஒரு ஆள் அவளிடம், ஜாமீனுக்கு நான் ஆள் தருகிறேன், எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறான். அவனை விரட்டியது எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

ஜாமீன்தாரர் இல்லாமல், அவருடைய சொந்தப் பிணையிலேயே விடலாம் என்று மனு போட்டேன். தள்ளுபடி. காரணங்களோடு இன்னொன்று போட்டேன். அதுவும் தள்ளுபடி, ஒரே விஷயத்துக்கு எத்தனை மனு போடுவீர்கள் என்று ஒரு கேள்வியும் கூடவே வந்தது. உத்தரவு போட்டு ஒன்றரை மாசம் ஆகியும் ஆள் உள்ளேயே இருந்தார். மூன்றாவது மனுவில் சட்டம் பாதி, கோபம் பாதி. மேஜிஸ்ட்ரேட் அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, சொந்தப் பிணை போதும் என்று எழுதினார். அந்த மனுவின் கடைசிப் பத்தியில் நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தது, இரண்டாவது தள்ளுபடி அன்றைக்குக் கோர்ட் படிக்கட்டில் செல்வி என்னிடம் சொன்னதைத்தான்.

“பெயிலு குடுத்துட்டாங்கன்றீங்க, ஆளக் குடுக்கலியே.”

ரேஷன் அரிசி

எங்கள் ஆபீஸ் வந்ததில் பிரைவேட் வக்கீல்கள் பலருக்கு வருத்தம். பிழைப்பில் மண் விழுகிறது என்று ஒரு பக்கம். தரமில்லாத வக்கீல்கள் என்று இன்னொரு பக்கம். கேன்டீனில் ஒரு சீனியர், நான் தொழில் கற்ற காலத்திலிருந்து தெரிந்தவர், நாலு பேர் நடுவில் என்னை வைத்துக்கொண்டே, இலவச வக்கீல் ரேஷன் அரிசி மாதிரி, பசிக்கு ஆகும், விருந்துக்கு ஆகாது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரேஷன் அரிசி துன்னுதான் சார் நான் லா படிச்சேன் என்றேன். டீ ஆறிவிட்டது. நான் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அது நடந்து இரண்டு மாசம் இருக்கும். அதே சீனியர் எங்கள் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அவர் மச்சானிடம் கார் ஓட்டுகிறவர் ஒரு விபத்துக் கேஸில் சிக்கி ஜெயிலில் இருந்தார். ஜெயிலில் இருக்கிற யாராக இருந்தாலும் எங்களிடம் வரலாம். அது அவருக்கும் தெரியும். நான் பேப்பர்களை வாங்கி வைத்துக்கொண்டேன். கேன்டீன் விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவராகவே கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

“ஏழைப் புள்ளக்குட்டிக்காரன்மா. பட்டியல் ஆளு யாரையும் போட்டுடாதே, உங்க ஆபீஸ்லயே நல்லா பாக்கிறவங்களா போடு.”

எத்தனை பஸ்

எல்லாவற்றிலும் ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தலப்பட்டு பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிற ரத்னம்மா மேல் ஒரு கேஸ். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரைத் தடியால் அடித்தாள் என்று. அவள் அடிக்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட்டைப் பார்த்தாலே தெரியும், அந்தக் காயம் தடியால் பட்டது இல்லை. எனக்குக் கேஸ் அவ்வளவு பிடித்துப்போனது. சாட்சிகளை என்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் எழுதி வைத்தேன்.

சாட்சிகள் வரவில்லை. தேதி தள்ளிப் போனது. மறுபடி தள்ளிப் போனது. ரத்னம்மா ஒவ்வொரு தடவையும் வந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போனது. ஒருநாள் காலை, நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அபராதம் போட்டு அனுப்பச் சொல்லு என்றாள். நீ செய்யாததை ஏன் ஒப்புக்கொள்கிறாய், நாம் ஜெயிப்போம் என்று நான் வாதாடினேன். கோர்ட்டில் பேசியதைவிட அன்றைக்கு அவளிடம் நன்றாகப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள், ஒப்புக்கொண்டாள், அபராதம் கட்டினாள், பகல் பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அன்றிலிருந்து கூலிக்காரர்கள் எல்லாருக்கும் முதல் நாளே ஒரு மனு போடுகிறேன்: இவர் ஒவ்வொரு தேதிக்கும் நேரில் வர வேண்டாம், வக்கீல் நான் நிற்கிறேன் என்று. பாதிக்குப் பாதி அனுமதி கிடைக்கிறது. கிடைக்காதபோது மறுபடி போடுகிறேன். ஆனால் ரத்னம்மாவின் பெயர் குற்றவாளி என்று எழுதியாகிவிட்டது. அன்றைக்கு உள்ளே போகும் முன் அவள் தெலுங்கில் என்னைக் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“நீ ஜெயிக்கிறதுக்கு நான் எத்தனை தடவை பஸ் ஏறணும்மா?”

சீப்பும் சீப்புருவும்

ஏழுமலையின் விசாரணை வந்தது. போளூரிலிருந்து சரியாக வந்து நின்றார். சாட்சி சொல்வது எல்லாம் தெலுங்கு. ஏழுமலை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, நடப்பது என்னவென்று அவருக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றேன். உங்களுக்குத்தான் தமிழ் வருமே, நீங்களே சொல்லுங்கள் என்றார் மேஜிஸ்ட்ரேட். நான் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் சார், ஒரே வாயால் இரண்டு வேலை முடியாது என்றேன். பிறகு தமிழ் தெரிந்த ஒரு ஊழியரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

முதல் சாட்சி லாட்ஜ் மேனேஜர். இவருக்கு வேலை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் சலித்துக்கொண்டார். தெலுங்கு ஒரு வார்த்தை வராது மேடம், துணி வெளுக்கிறவர் தமிழ் பேசுவார், அவர் மூலமாகத்தான் சொல்வோம். ஒருநாள் துடைப்பம் வேண்டும் என்று ‘சீப்புரு’ கேட்டேன், இவன் போய்த் தலைவாருகிற சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தான் என்றார். கோர்ட்டில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னேன்.

அடுத்த சாட்சி, ஏழுமலை ஒப்புக்கொண்டபோது கூட இருந்து கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்டவர். ஏழுமலை எந்த மொழியில் ஒப்புக்கொண்டார் என்றேன். நல்ல தெலுங்கில், தெளிவாக, என்றார். உங்களுக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. மேனேஜர் சொன்ன சீப்புக் கதையை வாசித்துக் காட்டினேன். அவர் அரசு வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள் போட்டேன், ஆள் எந்த பாஷைக்காரர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்றார்.

விடுதலை. தீர்ப்பைத் தமிழில் சொல்லக் கேட்டதும் ஏழுமலை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்குங்கள், போகலாம் என்றாலும் இறங்கவில்லை. ஊழியர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வெளியே வந்ததும் கும்பிடுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். தெலுங்குக் கோர்ட்டின் இங்கிலீஷ் தீர்ப்பை ஊரில் யாரிடம் காட்டுவது என்பதுதான் அவருடைய கவலை. ஆபீஸுக்குக் கூட்டிப் போய் ஒரு முழுத்தாளில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். அப்படிக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்காதீர்கள்.

“ஜெயிலுக்குப் போனது ஊருக்கே தெரியும்மா. வுட்டது யாருக்கும் தெரியாது. குத்தம் பண்ணலன்னு தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க.”

என் மேல் ஒரு புகார்

எங்கள் வேலை ஒப்பந்த வேலை. புதுப்பிக்கிற நேரம் நெருங்கியபோது என் மேல் ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ரிமாண்ட் நேரத்தில் பேசிப் பேசிக் கோர்ட் நேரத்தை வீணாக்குகிறாள். கைதிகளுக்குச் சீட்டுக் கொடுத்துத் தூண்டிவிடுகிறாள். தள்ளுபடியான மனுவையே திரும்பத் திரும்பப் போடுகிறாள். கோர்ட் மொழி இருக்கும்போது வேறு மொழி கேட்கிறாள். சாதாரணத் திருட்டுக் கேஸுக்கெல்லாம் கொலைக் கேஸ் மாதிரி குறுக்கு விசாரணை செய்கிறாள். ஐந்து குற்றச்சாட்டு, அழகாக நம்பர் போட்டு.

எங்கள் ஆபீஸ் தலைவர் ரமணய்யா சார், தெலுங்குக்காரர், அதிகம் பேசமாட்டார். கூப்பிட்டு, விளக்கம் எழுதிக் கொடு என்றார். நான் வேலை போனால் என்ன செய்வது என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்க யோசித்தேன், பயந்தேன். விட்டுவிட்டு வந்த பிராக்டீஸ் திரும்பக் கிடைக்காது. நைனா, நான் அப்பவே சொன்னேன் என்பார். பணிவாக நாலு வரி எழுதினேன், கிழித்துப் போட்டேன். பிறகு ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: ஐந்தையும் ஒப்புக்கொள்கிறேன், தொடர்ந்து செய்வேன்.

சார் படித்தார். மேஜை டிராயரைத் திறந்து, எங்களை வேலைக்கு எடுத்தபோது கொடுத்த கடமைகள் அடங்கிய தாளை எடுத்தார். புகாரை அதன் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒன்று, இரண்டு என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். பிறகு என் விளக்கத்தைப் புகாரோடு சேர்த்துப் பின் அடித்து, ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதினார். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, ஒரு வருஷத்துக்கு மட்டும். அவர் தமிழ் கொஞ்சம் தடுமாறும். ஆனாலும் எனக்காகத் தமிழிலேயே சொன்னார்.

“இந்த ஆளு நம்ம டியூட்டி லிஸ்ட்ட நல்லா படிச்சிருக்காரும்மா. நம்ம ஆபீஸ்ல பாதிப் பேரு இன்னும் படிக்கல.”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: ஏழைக்கு வக்கீல் வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, அந்த வக்கீல் வாயைத் திறக்காமல் இருக்கும்வரை.